நாற்பத்தேழாம் நம்பர் பை

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நேரத்தையும் எடையையும் அன்றைக்கே நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். ஜியாலஜி படித்தவள் என்ற திமிரும் உண்டு. இப்போது சிரிப்பதில்லை. பயப்படுவதும் இல்லை. ஊசி போட்டு மரத்துப்போன ஈறு மாதிரி இருக்கிறது மனசு.

இராமநாதபுரத்திலிருந்து திருப்பாலைக்குடி போகும் வழியில், ஒரு பழைய நெல் குடோனில்தான் எங்கள் சோதனைக் கூடம். எங்கள் பக்கத்து மண்ணில் இல்மனைட் என்ற கனமான கருப்பு மணல் கலந்திருக்கிறது. பெயிண்டுக்கு வேண்டிய சரக்கு அதிலிருந்து வருகிறது. வழக்கமாகத் தண்ணீர் விட்டு அலசித்தான் அதைப் பிரிப்பார்கள். குடிக்கிற தண்ணீரே லாரியில் வருகிற ஊரில் அது நடக்காது. அதனால் தண்ணீரே இல்லாமல், காந்தத்தால் பிரிக்கும் புது இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மேசைக்கும் இயந்திரத்துக்கும் மேலே ஒரு கேமரா. அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். மணலின் நிறத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கணக்குச் சொல்லிவிடும்.

மண் எடுக்க ஊர் ஊராகப் போவோம். ஜிபிஎஸ்ஸில் குறித்த இடத்தில் கூத்தையா அண்ணன் துளை போடுவார். நான் பையில் நம்பர் எழுதுவேன். நாற்பத்தேழாம் நம்பர் ஒரு தரிசுக் காட்டில், ஒற்றைப் பனைக்குக் கீழே விழுந்தது. கருவியை ஊன்றப் போகும்போது ஒரு பெண் வரப்பில் ஓடி வந்தாள். பூமயில் என்று பெயர். காடு அவர்களுடையது.

"அங்கன குத்தாதீக தாயி. எம்புள்ள கெடக்கு."

பனையடியில் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தது. பச்சைப் பிள்ளைகளை எரிப்பதில்லை. புதைத்து, நாய் தோண்டாமல் இருக்க முள் போடுவார்கள். எனக்கும் தெரிந்த வழக்கம்தான்.

"பதினோரு நாளுதான் இருந்துச்சு. ஆறு வருசமாச்சு. பேருகூட வைக்கல."

கூத்தையா அண்ணன் என்னைப் பார்த்தார். "பாப்பா, தள்ளிப் போட்டுருவம். யாருக்குத் தெரியப்போகுது."

மேற்கே இருபது எட்டு வைத்துத் தள்ளிப் போனோம். மண்ணுக்குள் பாதி புதைந்து ஒரு அழுகிய பனங்கட்டை கிடந்தது. அதன் பக்கத்தில் துளை போட்டோம். பையில் நாற்பத்தேழு என்றே எழுதினேன். இடம் மாறியதைப் பதிவில் எழுத வேண்டும். எழுதவில்லை. எழுதினால் குறித்த இடத்தில் ஏன் போடவில்லை என்று மேனேஜர் முத்துகிருஷ்ணன் சார் ஆளை அனுப்புவார். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

ஐந்தாம் நாள். எனக்கு இரண்டாம் ஷிப்ட், மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. மாலை ஐந்தரைக்கு சார் போன் செய்தார்.

"கலைச்செல்வி, ஒன்பது மணிக்குள்ள நாப்பத்தேழு ரிசல்ட் வரணும். காலைல மீட்டிங். எடை சரியா வரலைன்னா ரிஜெக்ட் பண்ணிருங்க. விடியக்காலம் வேற டீம் அதே பாயிண்ட்ல போட்டுரும்."

அதே பாயிண்ட் என்றால் பூமயிலின் பனையடி. ரிசல்ட் தராவிட்டாலும் அங்கேதான் வருவார்கள். ஒன்பது மணிக்குள் இந்தப் பையை முடித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையைத் தோண்டுவார்கள்.

மாலை 6.10. அடுப்புப் பெட்டியைத் திறந்தேன். மண் மூன்று மணி நேரம் காய்ந்திருந்தது.

பால் வாசனை அடித்தது. பொங்கி வழிந்து, அடிப்பிடித்த பால்.

வாட்ச்மேன் சீனி முகம்மது பாய் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பால் காச்சுறியா? கேட் வரைக்கும் மணக்குது."

"இல்ல பாய். மண்ணுதான்."

அவர் என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். தொழுகைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

6.40. எடை போட்டேன். காட்டில் எழுதியது 3.900 கிலோ. ஈரம் போனால் 3.700 வர வேண்டும். தராசு 2.650 காட்டியது.

மண் எங்கும் சிந்தவில்லை. பையில் ஓட்டை இல்லை. நாற்பத்தாறாம் பையை வைத்தேன். சரியாகக் காட்டியது. மறுபடி இதை வைத்தேன்... 2.650.

இந்த எடையை எழுதினால் பை ரிஜெக்ட். நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன்.

7.05. ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தேன். கீழே விழுந்த மண்ணில் ஒரு கருவேல முள் கிடந்தது. என் சுண்டுவிரல் நீளம். சலிப்பதற்கு முன்னால் இல்லை. அந்த ஓட்டை வழியாக அது வரவும் முடியாது.

எடுத்து ஓரமாக வைத்தேன். வேறு என்ன செய்வது?

7.42. மண்ணைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாக வகுப்பது முறை. குவித்தேன். தகட்டை எடுக்கத் திரும்பினேன்.

தட்... தட்... தட்...

மெதுவாக. ஈர மண்ணை உள்ளங்கையால் தட்டுகிற சத்தம்.

திரும்பினேன். கூம்பு இல்லை. நீளவாக்கில் ஒரு மேடு இருந்தது. இரண்டு சாண் நீளம்.

கேமரா படங்களைப் பார்த்தேன். 7.42-இல் கூம்பு. அடுத்த படத்தில் மேடு. இரண்டிலும் மேசைப் பக்கம் யாரும் இல்லை. அறையில் என்னைத் தவிர ஆளே இல்லை.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஓடினால் விடிகாலையில் பனையடிக்கு வண்டி போகும். அதனால் நின்றேன். தைரியம் என்று சொல்லாதீர்கள்.

7.55. மேட்டில் சரிபாதியை அள்ளித் தட்டில் வைத்தேன். பாதி மண்.

2.650.

அதிலும் பாதியை எடுத்தேன். கால் பங்கு மண்.

2.650.

பீப்... எண் நிலைத்தால் தராசு ஒரு முறை கத்தும். இது நிற்காமல் கத்தியது. பீப்... பீப்... கடைசி எண் ஆடியது. 2.652. 2.649. 2.651. ஏறியது. இறங்கியது. ஏறியது.

மூச்சு விடுவது போல.

மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலை மூடினேன்.

ஆடியது.

மண்ணின்மேல் கை வைத்தேன். அழுத்தவில்லை. சும்மா வைத்தேன்.

நின்றது. 2.650.

கையை எடுத்தேன்.

பீப்... பீப்... பீப்...

மறுபடி வைத்தேன். நின்றது.

மண் சூடாக இருந்தது. அடுப்பிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அப்படியும் சூடு. உடம்புச் சூடு.

8.40 வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். கை வலித்தது. அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

பிறகு இடது கையால் நாற்பத்தாறாம் நம்பரின் எண்களை நாற்பத்தேழுக்கு நேராக அடித்தேன். எடை மட்டும் 3.700. கருப்பு மணல் நான்கு சதவீதம். பத்துக்கு மேல் இருந்தால்தான் குழி வெட்டுவார்கள். 8.52-க்கு அனுப்பினேன். 'ஓகே' என்று பதில் வந்தது.

மெல்லக் கையை எடுத்தேன். தராசு கத்தவில்லை.

அந்தப் பக்கம் வேண்டாம், வடக்கே பார்க்கலாம் என்று காலைக் கூட்டத்தில் முடிவானது. அந்தப் பையை நான் இயந்திரத்தில் ஓட்டவே இல்லை. ஒரு துகள் விடாமல் கூட்டிப் பையில் போட்டுக் கட்டினேன். எந்தத் தராசிலும் மறுபடி வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, எடுத்த இடத்திலேயே மண்ணைப் போட்டுவிடலாம் என்று அந்தக் காட்டுக்குப் போனேன். பனங்கட்டைக்குப் பக்கத்தில் துளை இன்னும் தெரிந்தது. பையை இறக்கும்போது பூமயிலின் கணவர் சுரேஷ் வந்தார்.

"இங்கன என்ன பண்றீக?"

"நம்பர் நாப்பத்தேழு மண்ணுண்ணே. திருப்பிப் போட வந்தேன்."

அவர் துளையைப் பார்த்தார்.

"இங்கயா போட்டீக?"

"அக்கா அந்தப் பனைக்குக் கீழ வேணாம்னாக. அதான் தள்ளி..."

"அந்தப் பனை இல்ல." குரல் எழும்பவில்லை. "அப்ப இங்கனயும் ஒரு பனை நின்னுச்சு. புயல்ல சாஞ்சுருச்சு. பொதைக்கும்போது பொம்பளையாளுக வர மாட்டாக. அவளுக்கு எடம் தெரியாது. கேட்டா, பனையடின்னு சொன்னேன். நிக்கிற பனையப் புடிச்சுக்கிட்டா. ஆறு வருசமா அங்கனதான் முள்ளு போடுறா, பாலு ஊத்துறா. மாத்திச் சொல்ல மனசு வரல."

கூத்தையா அண்ணனிடம் இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை.

பூமயில் அந்தப் பக்கமிருந்து வந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. "என்னத்த தூக்கிட்டு நிக்கிற, குடு தாயி" என்று பையை வாங்கினாள். வாங்கியவள் இரண்டு எட்டு நடந்தாள். நின்றாள். பையை இடது தோளில் சாய்த்தாள். வலது கை அதன் முதுகில் தட்ட ஆரம்பித்தது.

தட்... தட்... தட்...

அவள் கை தட்டுவதை அவள் பார்க்கவில்லை.

"மண்ணா இது? அம்புட்டுக் கனமே இல்லையே" என்றாள். "ஆஸ்பத்திரியில எம்புள்ளைய எடை போட்டுக் கையில குடுத்தாக. இதே கனந்தான்."

சுரேஷ் தலையைக் குனிந்துகொண்டார்.

"எவ்வளவுக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டு அறுநூத்தி அம்பது."

அந்த எண் என் நோட்டில் ஐந்து இடத்தில் இருக்கிறது. நோட்டை நான் யாருக்கும் காட்டியதில்லை.