தாம்பாளமும் சாகாத கணக்குகளும்

பேருந்து நிறுவனத்தில் என் பெரியப்பா மகனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் தாம்பாளம். திறந்த மடிக்கணினியை இரண்டு கையாலும் ஏந்தியபடியே நடப்பார், கழிப்பறைக்கும் அப்படித்தான்.

பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது அவர் வேலை. நிறுவனத்தின் வலைத்தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், அது அலுவலகத்துப் பெரிய கணினியில், பின்னணியில் கணக்கு நிரல் ஒன்றைக் கிளப்பிவிடும். நிரல் நாள்கணக்கில் ஓடும். ஒருமுறை மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டுத் திறந்தார். வலைப்பக்கத்தில் வெறும் பொத்தான்தான் இருந்தது. கணக்கு செத்துவிட்டதென்று மறுபடி அழுத்தினார். இப்படியே பலமுறை. கடைசியில், மூடினால் செத்துவிடும் என்று அலுவலகமே முடிவுகட்டியது. மேலாளர் தன் பங்குக்கு நீளமான மின்வடம் வாங்கிக் கொடுத்தார்.

அண்ணனுக்குத் தாமதமாகத்தான் வரன் அமைந்தது. பெண்ணுக்கு ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. திரையரங்கில் இருவருக்கும் நடுவே ஒளிர்ந்த மடிக்கணினியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பதிவு அலுவலகத்துக்கு அது வந்தால் மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

வந்தது. சாட்சியாக நின்ற எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“மூடினா செத்துடும்மா,” என்றார் அண்ணன்.

“யார் சொன்னா?”

“எல்லாருந்தான்.”

அவள் கடவுச்சொல் கேட்டு வாங்கி, கறுப்புத் திரையில் எதையோ தட்டினாள். வரிகள் மளமளவென்று ஏறின. அண்ணன் தலைமுழுகிய கணக்குகள் அத்தனையும் உயிரோடு இருந்தன. போன வருடத்து அட்டவணையைக்கூட விடாமல் போட்டுக்கொண்டு, ஒரே கோப்புக்காக முட்டிமோதிக்கொண்டிருந்தன.

“பக்கத்த மூடினது இதுங்களுக்குத் தெரியவே தெரியாது. அதுபாட்டுக்கு ஓடும். நீங்கதான் மேல மேல கிளப்பி விட்டிருக்கீங்க. அதான் எதுவும் முடியாம இழுக்குது.”

புதியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிறுத்தச் சொன்னாள். பதிவாளரும் எட்டிப் பார்த்து, துக்கம் விசாரிக்கும் குரலில், மேலே இருப்பதுதான் ரொம்பப் பழசா என்று கேட்டார். அண்ணன் அந்த வரியை விரலால் தொட்டார்.

“அந்த ஒண்ண மட்டும் விட்டுடலாமா? பாவம், இவ்வளவு நாள் ஓடியிருக்கு.”

“தாராளமா. அதுகூடவே குடித்தனம் பண்ணுங்க.” பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

அண்ணன் பேனாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தானே விசையை அழுத்தி, மடிக்கணினியையும் சாத்தினார்.

சற்று நேரத்தில் மேலாளர் அண்ணனின் தொலைபேசியில் கூப்பிட்டார். அட்டவணை அதற்குள் வந்துவிட்டதே, என்ன தப்பு நடந்தது என்று பதறினார். நான்தான் பேசிச் சமாளித்தேன். அண்ணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.