கைதட்டிய இடத்தில் நான் சொன்னது

எண்பதுகளில் ஓர் ஆடி மாசம், காலை ஏழரை மணி. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பின் ஆபீஸ் அறையில் மூன்று பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் ஜனாதிபதி பதவிக்கு நிற்கப்போகிறவர் தன் கட்சி மாநாட்டில் பேசிக்கொண்டிருந்தார். அங்கே அது முந்தின நாள் சாயங்காலமாம். கேட்டது மூன்று பேர். புரிந்தது எனக்கு மட்டும்.

நான் அங்கே டைப்பிஸ்ட். குடியாத்தத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே இங்கிலீஷும் சுருக்கெழுத்தும் படித்து வந்தவள். எனக்கு எதிரே முதலாளி, மடியில் தொப்பி. கதவோரம் மேஸ்திரி, வாயில் வெற்றிலை. சிற்றலை ரேடியோவில் குரல் கிட்டே வரும், தூரப் போகும், பாலாற்று மணலில் நடக்கிறவன் காலைப் போல இழுத்து இழுத்து வரும்.

அதுவரை பதனிட்ட தோலை மட்டும் விற்றுக்கொண்டிருந்தார் முதலாளி. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்தே அனுப்பச் சொல்லி அமெரிக்காவிலிருந்து கேட்டிருந்தார்கள். முப்பது தையல் மிஷின் வந்து, ஆணிகூடப் பிடுங்காத மரப்பெட்டிகளில் ஷெட்டில் நின்றன. அதற்குள் இன்னொரு கடிதம். இந்த வேட்பாளர் வெளிநாட்டு ஷூவைத் தடுத்துவிடுவார் என்று அமெரிக்காவில் பேச்சு, மாநாட்டில் என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதை நான் படித்துச் சொன்னபோது முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "மொதல்ல அவன் வாயத் தொறக்கட்டும். அப்புறம் நாம பெட்டியத் தொறக்கலாம்."

முப்பதில் ஒரு மிஷின் என்னோடு தங்கியிருந்த பெண்ணுக்கு என்று சொல்லி வைத்திருந்தது. வாணியம்பாடிப் பக்கத்துக் கிராமம். தையல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். ஆடி முடிவதற்குள் வேலை வராவிட்டால் அண்ணன் வந்து கூட்டிப்போய்விடுவான். அவள் வருவதற்கு முன் பதினோரு மாசம் அந்த அறையில் நான் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கள் காலை பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போது என் குரலே எனக்கு யாருடையதோ போல் இருக்கும். அவள் வந்தாள். குழாயடியில் யார் யாரைத் திட்டினார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்து விளக்கு ஏற்றும்வரை பேசுவாள். அறைக்குள் சாயங்காலம் என்று ஒன்று வந்தது அப்புறம்தான். அவள் போய்விடுவாளோ என்பதுதான் அந்த ஆடியில் எனக்கிருந்த ஒரே பயம்.

"இன்னாம்மா, தோல பத்தி எதுனா சொன்னானா?" என்றார் மேஸ்திரி.

"இன்னும் இல்ல மேஸ்திரி."

"அரை மணி நேரமா பேசறான், செருப்புன்னு ஒரு வார்த்த வரல! நம்மூர்ல எவனாவது இவ்ளோ நேரம் பேசுனா மேடைக்கே வந்திருக்கும்."

"சும்மா இருய்யா," என்று முதலாளி சிரித்தார். "அந்தப் பொண்ணு எழுதட்டும்."

அப்போதுதான் அது வந்தது. தெளிவாக, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதுபோல் வந்தது. மூடிக் கிடக்கிற ஷூ தொழிற்சாலைகள். வேலையிழந்த ஊர்கள். வெளியிலிருந்து வந்து குவிகிற சரக்கு. நான் வந்தால் இதை நிறுத்துவேன். உடனே கைதட்டல். ஷாப்பில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற அத்தனை மர டிரம்மும் ஒரே நேரத்தில் உருண்டாற்போல் ஒரு கைதட்டல். என் பென்சில் நின்றுவிட்டது.

பேச்சு முடிந்ததும் நோட்டைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். நாடு, உழைப்பு, வரி, சமாதானம். அந்த இடம் வந்தது. அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். எவ்வளவு சுலபமாக இருந்தது, ஒரு தாளைத் திருப்பினால் போதும்.

"இரும்மா," என்றார் முதலாளி. கைக்கடிகாரத்தை விரலால் தட்டினார். "நடுவுல ஒரு தட்டு தட்டுனாங்களே. நாப்பது செகண்டு. மத்ததெல்லாம் பத்து, பதினஞ்சு. அது இன்னாத்துக்கு?"

எனக்கு மறந்தே போயிருந்தது. எந்தக் கட்சிக் கூட்டம் என்றாலும் இந்த ஊரில் லாரி அனுப்புகிறவர் அவர். அனுப்பிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கைதட்டலை நேரம் பார்ப்பார். பேச்சைக் கேட்காதே, தட்டுறதைக் கேளு, ஜெயிக்கிறவன் யாருன்னு தெரிஞ்சிடும் என்பார். வாக்கியத்தை மறைத்தேன். சத்தத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

"அவங்க அம்மாவ பத்தி சொன்னார் சார். அப்பா செத்தப்புறம் துணி தெச்சிப் படிக்க வெச்சாங்களாம்."

இதை நான் யோசிக்கவில்லை. வாய் சொன்னது.

"தெச்சியா படிக்க வெச்சாங்க?"

"ஆமா சார்."

முதலாளி ரேடியோவைத் திருகி அணைத்தார். "அப்ப தட்டத்தான் செய்வாங்க. தெச்சி வளத்த புள்ள, தெக்கிறவங்க வயித்துல அடிக்க மாட்டான்." மேஸ்திரி பக்கம் திரும்பினார். "போய் பெட்டியத் தொற."

அன்றைக்கே ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. மறுவாரம் அவள் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்குக் கடுதாசி போட்டாள். பன்னிரண்டு நாள் விரல் நுனியில் பசையும் நூலுமாக வந்து, தைத்ததை எல்லாம் காற்றிலேயே தைத்துக் காட்டினாள். நான் சந்தோஷமாக இருந்தேன். பொய்யில் முளைத்தது என்று தெரிந்தும் இருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் மெட்ராஸ் ஏஜெண்ட் வந்தார், அமெரிக்கப் பத்திரிகையோடு. பேச்சு முழுசும் அதில் அச்சாகியிருந்தது. அவர் போனபின் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மாவ பத்தி ஒரு வார்த்த இல்லியாமே?"

ஏஜெண்ட் விட்டுப்போன பத்திரிகையை என் பக்கம் தள்ளினார்.

"முப்பது பொண்ணுங்க உக்காந்துட்டாங்க. இனிமே நான் எழுப்ப முடியுமா? அத தெரிஞ்சிதான் சொன்னியா?" கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "போம்மா. டைப் மட்டும் அடி. லெட்டர் படிக்க வேற ஆள் வெச்சிக்கிறேன்."

அன்று சாயங்காலம் அவளிடம் சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்காகவாக்கா சொன்ன?"

"ஆமா."

"நெஜமா?"

நான் கத்தியை எடுத்து மீதி வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தேன். அவள் பதிலை என் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கி அவரு ஜெயிச்சி இத மூடிட்டா? வூட்ல நக அடமானம் வெச்சி வந்தவளுங்கல்லாம் இருக்காளுங்கக்கா. என்னத்தான பாப்பாளுங்க?"

ஆவணியில் தையல் பெண்கள் நாலு பேர் சேர்ந்து பக்கத்துத் தெருவில் அறை எடுத்தார்கள். அவளும் போனாள். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள். "கோவம்லாம் இல்லக்கா. ஆனா இனிமே நீ எது சொன்னாலும், இது நெஜமா, இல்ல என்ன இங்கியே வெச்சிக்கச் சொல்றதான்னு யோசிச்சிக்கினே இருக்கணும். அது பேஜாரு."

தீபாவளி முடிந்து சில நாளில் அமெரிக்கத் தேர்தலில் அந்த வேட்பாளர் தோற்றுவிட்டார். முதலாளி ஷாப் முழுக்க ஸ்வீட் கொடுத்தார். மேஸ்திரி என் மேஜையில் ஒரு பொட்டலத்தை வைத்து, "உங்க ஆளு கவுந்துட்டாரும்மா" என்று கண்ணடித்தார். என் ஆள். அவர் எங்கே மூச்சு வாங்கினார், எந்த வார்த்தையில் குரல் கம்மியது என்று இந்த ஊரிலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை யாரிடம் சொல்ல?

மணியடித்ததும் தையல் ஷெட் பக்கம் போய் நின்றேன். நாலு பேரோடு சிரித்துக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"இனிமே மூட மாட்டாங்களாமேக்கா?"

"மூட மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். பக்கத்தில் நின்றவளிடம் திரும்பி, "ஏய், மேஸ்திரிகூட அப்பிடித்தான சொன்னாரு?" என்று கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.