அஞ்சாவது கேள்வி

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "அஞ்சு கேள்வி கடை எங்க?" என்று கேட்டால் பேட்டரிக்காரர் முதல் பஞ்சர் ஒட்டுகிறவர் வரை அத்தனை பேரும் கை நீட்டுவார்கள். என் கடைக்கு அடுத்த கடை அது. நான் பைக் சீட் தைக்கிறவள். அவர் பைக்கை ஆளுக்கு ஏற்ற மாதிரி அமைத்துக் கொடுக்கிறவர். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் தும்மினால் என் ஊசி தடுமாறும்.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் கேள்விகள் ஆரம்பிக்கும். உயரம் எவ்வளவு? எடை எவ்வளவு? எந்த ரோட்டுல ஓட்டுவீங்க? மூட்டை முடிச்சு எவ்வளவு? பின்னாடி யாரு உட்காருவாங்க? ஐந்துக்கும் பதில் வராமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். அதற்கப்புறம் வண்டிக்குச் சொந்தக்காரர் ஏறி உட்கார வேண்டும். பின் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று குனிந்து ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். ஸ்பிரிங்கின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. அமுங்காத வண்டி பள்ளத்தில் குதிக்கும், அதிகம் அமுங்கினால் அடி தட்டும். இதை அவர் ஆயிரம் பேருக்குச் சொல்லக் கேட்டு நானே மனப்பாடம் செய்துவிட்டேன். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ஒரு நாள் ஜவுளிக் கடை முதலாளி ஒருவர் வந்தார். ஆளுயரத்துக்கு ஒரு பைக், கட்டை கட்டையாக மண் டயர், இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. ஏறி நின்றால் அவருடைய கட்டைவிரல் மட்டும் தரையைத் தடவியது.

"எந்த ரோட்டுல ஓட்டுவீங்க?"

"மலை, காடு, ஆத்து மணல், எல்லாந்தான்."

"கடைசியா எப்பப் போனீங்க?"

"இனிமேதான் போகணும்."

"தினமும் எங்க போறீங்க?"

"கடைக்கு."

"வழியில ஆறு ஏதும் குறுக்க வருதா?"

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டேன். முதலாளிக்கு முகம் சிவந்தது. ஆனால் மறு வாரமே அவர் இவரைக் கூட்டிக்கொண்டு வேறு வண்டி பார்க்கப் போனார். இவர் கண்ணில் பட்ட வண்டியில் எல்லாம் அவரை ஏற்றி இறக்கி, இரண்டு பாதமும் தரையில் படுகிற, கனம் குறைந்த வண்டி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். தார் ரோட்டுக்கு ஏற்ற டயர் போட்டார். எழுந்து நின்று ஓட்டும்போது முதுகு வளையாதபடி ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தினார். "மலைக்குப் போறப்ப சொல்லுங்க, மண் டயர் மாத்திக்கலாம்" என்று அனுப்பி வைத்தார். முதலாளி சிரித்த முகத்தோடு போனார். அப்புறம் ஆளையே காணோம்.

அந்தத் தொழிலின் சாபக்கேடே அதுதான். நான் தைத்த சீட் இரண்டு மழை பார்த்தால் நூல் விடும். திட்டிக்கொண்டாவது திரும்பி வருவார்கள், வீட்டுக் கதை சொல்வார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். ஒழுங்காக அமைத்த வண்டி எதற்குத் திரும்பி வரும்? அவர் கடையில் இன்று பார்த்த முகத்தை நாளைக்குப் பார்க்க முடியாது. கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு தட்டு. மத்தியானத்தில் தெரு அடங்கிக் கிடக்கும்போது தடுப்பு வழியாக அவர் குரல் கேட்கும். "சரியா? இப்ப சரியா?" எட்டிப் பார்த்தால் ஆள் யாரும் இருக்கமாட்டார்கள். வண்டியிடம் கேட்டுக்கொண்டிருப்பார். பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. மகள் இருந்தாள். மனைவி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்தப் பெண் பள்ளிக்கூடம் விட்டால் நேராகக் கடைக்குத்தான் வருவாள். கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அப்பா எதிரே நின்று ஐந்து கேள்வி கேட்டால் அவளும் கூடவே முணுமுணுப்பாள். வளர்ந்ததும் அவளுக்கென்று ஒரு மண் ரோட்டு வண்டியைத் தேடிப் பிடித்து அமைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

மலைப்பாதையில் ஒரு தரம் விழுந்தாள். இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. மனைவியைப் பறிகொடுத்தவருக்கு மகளும் போய்விடுவாளோ என்று பயம். அவள் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது வண்டியை விற்றுவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வந்து வெறும் தரையைப் பார்த்தவள், கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டபடி தெருவே பார்க்கக் கத்தினாள்.

"ஊர்ல போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் அஞ்சு கேள்வி கேப்பீங்க. என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கத் தோணலையாப்பா?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார். கட்டுப் பிரித்த கையோடு அவள் வெளியூருக்கு வேலைக்குப் போனாள். இவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டதாக யாரோ சொல்லிக் கேள்வி. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? இருவருக்கும் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். போன் நம்பர் இருவரிடமும் இருந்தது. அடிக்கத்தான் ஆள் இல்லை.

இப்படியே வருஷங்கள் போயின. போன மழைக்கு முன்னால், வண்டி ஏற்றி இறக்குகிற வேன்காரர் ஒரு பைக்கைக் கொண்டுவந்து இறக்கினார். உயரமும் இல்லாமல் தாழ்வும் இல்லாமல், தாருக்கும் மண்ணுக்கும் ஆகிற வண்டி.

"நல்லாப் பாத்து வாங்கின வண்டி" என்று இவர் சுற்றி வந்தார். "ஆள் எங்க?"

"அவங்க ரொம்ப தூரத்துல இருக்காங்கண்ணே. வர முடியாதாம்."

"ஆள் உட்காராம நான் தொடமாட்டேன்னு தெரியும்ல?"

"சொன்னேனே. அஞ்சு கேள்வியையும் போன்லயே கேக்கச் சொல்லுங்கன்னாங்க."

வேன்காரர் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, போனைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்தார். "ஹலோ" என்றது ஒரு குரல். அவ்வளவுதான். என் கத்திரி ரெக்சினில் பாதி வழியில் நின்றது. நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"உயரம்?"

"அஞ்சடி நாலு. அதுல மாத்தமில்ல."

"எடை?"

"அறுபத்திநாலு."

"எந்த ரோட்டுல ஓட்டுவீங்க?" பெற்ற மகளிடம் 'ங்க' போட்டார் மனுஷன்.

"வேலை நாள்ல தார் ரோடு. லீவு நாள்ல மலைப்பாதை." மலைப்பாதை என்னும்போது அந்தக் குரல் நிமிர்ந்தது. வருகிறாயா சண்டைக்கு என்கிற நிமிர்வு.

"சரி" என்றார் இவர். "மூட்டை?"

"ஒரு பை. எட்டு கிலோ இருக்கும்."

ஐந்தாவது கேள்விக்கு முன்னால் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"பின்னாடி யாரு உட்காருவாங்க?"

லைன் போய்விட்டதோ என்று வேன்காரர் போனைக் குனிந்து பார்த்தார்.

"உட்காருவான்" என்றாள்.

"எவ்வளவு எடை?"

"பதினெட்டு கிலோ."

ஐயோ கடவுளே! பதினெட்டு கிலோவில் எந்த ஊரிலும் மாப்பிள்ளை கிடையாது. அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் தாத்தாவாகிவிட்ட செய்தியை உலகத்தில் வேறு யாரும் இப்படி எடைபோட்டுத் தெரிந்துகொண்டிருக்கமாட்டார்கள்.

"கால்... கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டுமா?"

"எட்டல. தொங்குது."

"எட்டாம ஏத்தக் கூடாது. உயர்த்திப் போட்டுத் தர்றேன். இடுப்புல பெல்ட் மாட்டணும். மலைப்பாதைக்குக் கூட்டிட்டுப் போக வேணாம்."

"அதெல்லாம் போகமாட்டேன். ஸ்கூலுக்கு மட்டுந்தான். அஞ்சு கேள்வி முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். "இடது தோள் இன்னும் வலிக்குதா?"

"மழை வந்தா வலிக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வேன்காரர் விழித்தார். "அவங்களுக்குத் தோள் வலின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இவர் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

வேன் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "கல்லா அண்ணே நீங்க? போன் போட்டுப் பேசுங்க. பேரனைக் காட்டுன்னு கேளுங்க."

"வண்டியை அனுப்பியிருக்கா, தங்கச்சி. தானே வரணும்னு தோணியிருந்தா வந்திருப்பா. இப்ப வண்டியைப் பாப்போம்."

ஆள் இல்லாமல் அமைக்க வேண்டுமே. என்னை ஏறி உட்காரச் சொன்னார். "முடியாது, என் எடை ஊருக்கே தெரிஞ்சுபோகும்" என்றேன். கடைசியில் ஏறினேன். அறுபத்திநாலு வருவதற்கு என் மடியில் டப்பா டப்பாவாக நட்டு போல்ட்டை வைத்தார். எத்தனை டப்பா என்று மட்டும் கேட்காதீர்கள். கிளட்சை இழுத்து இழுத்துப் பார்த்து, இடது தோளுக்குச் சிரமம் இல்லாதபடி விரல் நுனிக்கே அமுங்குகிற மாதிரி இளக்கினார்.

அப்புறம் பதினெட்டு கிலோ. ரெக்சினில் ஒரு பை தைத்துத் தரக் கேட்டார். நான் ஒழுகாத மாதிரி இரட்டைத் தையல் போட்டேன். அதில் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு, தராசில் நிறுத்து, வாயைத் தைக்கச் சொன்னார். அதைத் தூக்கிப் பின்சீட்டில் வைக்கப் போனவர் வைக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடை நடுவில் நின்றார்.

"இவ்வளவுதான் இருப்பானா?" என்றார்.

நான் கீழே சிந்திய மண்ணைக் கூட்டி அள்ளினேன்.

ஃபுட்ரெஸ்ட்டை உயர்த்த ஓர் இரும்புப் பட்டை வெட்டினார். ட்ரில் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி. போய்ப் பார்த்தால் மேலிருந்து கீழாக வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"எதுக்கண்ணே இத்தனை?"

"வளர்ற பிள்ளை. கால் நீள நீள ஒவ்வொரு ஓட்டையா கீழ இறக்கிக்கலாம். ஒரு ஸ்பேனர் போதும், அவளே பண்ணிடுவா."

எனக்கு வந்ததே கோபம்! "உங்களுக்குப் புத்தி இருக்கா? ஒரே ஒரு ஓட்டை போடுங்க. அடுத்த வருஷம் கால் இடிக்கும். மாத்தறதுக்கு இங்கதான் வந்தாகணும். அவளும் வருவா, பிள்ளையும் வரும். இதுல யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லையே!"

ட்ரில்லைக் கையில் பிடித்தபடி அவர் பட்டையையே பார்த்தார். ஆசைப்பட்டார், பொய் சொல்லக் கூடாது. முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பட்டையை ஓரமாக வைத்தார், வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று என் மிஷினுக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் ட்ரில் மறுபடி அலறியது.

"அவ வர முடியாம நாள் தள்ளிப்போட்டா?" என்றார், நான் கேட்காமலேயே. "முழங்கால் மடங்கி மடங்கி உட்காருவான். திருப்பத்துல சரியாப் பிடிமானம் கிடைக்காது. வேணாம்மா."

இருந்த இடம் முழுக்க ஓட்டை போட்டார். ஓரங்களைக் குழந்தைக் கால் கீறாதபடி அரம் வைத்துத் தேய்த்தார். வேன் வந்தது, வண்டி போனது. பையன் எடை கூடக் கூடப் பின் ஸ்பிரிங்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வேன்காரரிடம் இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். மண் மூட்டை மட்டும் அவர் பட்டறை மேஜை மேல் கிடந்தது. அதை எடுத்துக் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் வரவில்லை. மழை வந்தது, போனது, வெயிலும் வந்தது. போன் அடித்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும். டயர் விலை கேட்கிற யாராவதுதான் அடித்திருப்பார்கள்.

நேற்று வேன்காரர் வேறொரு வண்டியை இறக்க வந்தார். இவர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "அந்த வண்டி எப்படி இருக்கு?"

"அதுவா? பிரமாதமாம்ணே. எதையுமே மாத்தத் தேவைப்படலையாம்."

"சந்தோஷம்" என்றார். சொல்லிவிட்டுப் பட்டறை மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேன்காரர் வண்டியைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்துக்கொண்டே, "ஆங், ஒண்ணே ஒண்ணு மாத்தியிருக்காங்க" என்றார். "போன வாரம் பார்த்தேன். பையன் ஃபுட்ரெஸ்ட்டை ரெண்டாவது ஓட்டைக்கு இறக்கியிருக்காங்க."

"ரெண்டாவது ஓட்டைக்கா?"

"ஆமா."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். மாதிரிக்கு ஓட்டை போட்டு மிச்சமாகக் கிடந்த இரும்புத் துண்டை எடுத்து, முதல் ஓட்டைக்கும் இரண்டாவது ஓட்டைக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றி என்னிடம் ஓடி வந்தார். "இங்க பாரு, தங்கச்சி. இவ்வளவு வளர்ந்திருக்கான்." பல் தெரியச் சிரித்தார். கண் வேறு நிறைந்திருந்தது.

அப்புறம் மண் மூட்டையைத் தூக்கி வந்து என் மிஷின் மேல் வைத்தார்.

"வாயைப் பிரி. கால் நீண்டா எடையும் ஏறியிருக்கும்ல? ரெண்டு கை மண்ணு போடணும்."

நான் தையலைப் பிரித்தேன். அவர் இரண்டு கை மண் போட்டு, தூக்கிப் பார்த்து, யோசித்து, இன்னும் ஒரு கை போட்டார். நான் ஊசியில் நூல் கோத்தேன்.

"தைக்காதம்மா" என்றார். "கயிறு போட்டுக் கட்டி வை. இன்னும் வளருவான்."