வியாழக்கிழமை வேலைக்கு இறங்கியவர்

இராசையா மாமா உரக் களவை ஒப்புக்கொண்டுவிட்டாராம். லுணுகலைக் கடைக்காரர் அலவி சொன்னதாக என் தங்கை விதுஷா கட்டாருக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அலவிக்கு யார் சொன்னார்களோ.

"உர ஸ்டோர்கிட்டதான் நின்னேன்னு கோட்ல அவரே சொல்லிட்டாராம் அண்ணே. ஆறு மாசம்."

மாமா நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் தேயிலைக்கு மருந்து அடித்தவர். மருந்து டாங்கி சுமந்து வலது தோள் இறங்கிப்போயிருந்தது.

"இந்தத் தோள வச்சுக்கிட்டு உர மூட்டையத் தூக்குனாராம். அரிசிப் பையயே நான்தான் சொமக்குறேன்" என்றார் அவர் மனைவி மாரியாயி அத்தை, போனில்.

குற்றப்பத்திரத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். சிங்களத்தில் இருந்தது. நான் சிங்களப் பாடசாலையில் படித்தவன்; மாமாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். எத்தனை மூட்டை, எத்தனை மணி, எதுவும் அதில் இல்லை. தேதி மட்டும் இருந்தது. அது ஒரு வியாழக்கிழமை. மாமா ஸ்டோரருகே நின்றது பொலிஸ் அவரைப் பிடித்த சனிக்கிழமை. அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஆமாம் என்றிருக்கிறார். வியாழன் முழுக்க அவர் பதுளையில், சீனி வருத்தத்துக்கு க்ளினிக்கில். க்ளினிக் கொப்பியில் அன்றைய தேதிச் சீல் இருக்கிறது.

"அப்ப விட்ருவாங்கதானே தம்பி?" என்று கேட்டார் அத்தை.

ஆனால் தோட்டத்துச் செக்ரோலில், வேலைக்கு வந்தவர்களின் பதிவில், அன்றைக்கும் மாமாவின் பேர் விழுந்திருந்தது. லயத்தில் வழக்கம்தான்: ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டு ஆள் ஒருவர் அவர் பேரில் வேலைக்கு இறங்குவார். கணக்கப்பிள்ளை கண்டுகொள்ளமாட்டார். அன்று இறங்கியது மாமாவின் மகளைக் கட்டிய ரஜீவ். தோட்டத்தில் நிரந்தர வேலைக்குப் பதிவு கேட்டுக் காத்திருந்தவன். சொன்னால் பதிவு கிடைக்காது. களவும் அவன் தலையில் விழலாம்.

பதுளையில் சட்டத்தரணி நளீராவைப் போனில் பிடித்தேன்.

"எத்தனை மூட்டை, என்ன நேரம்னு விவரம் தாங்கன்னு வழக்கு விளக்கத்துலயே கேட்டிருக்கணும். யாரும் கேக்கல்ல. மேன்முறையீட்டுல வழக்குப் பதிவுல இருக்கிறதத்தான் பாப்பாங்க. புதுசா ஒண்ணக் காட்டணும்னா காரணம் சொல்லி அனுமதி எடுக்கணும்" என்றார்.

"கொப்பி இருக்கே மிஸ்."

"செக்ரோலும் இருக்கே. அன்னைக்கு வேலை செஞ்சது தான்தான்னு அந்த மருமகன் சத்தியக்கடதாசி தரணும். தீர்ப்புல இருந்து பதினாலு நாளைக்குள்ள."

சிறைக்குப் போய்ப் பார்த்துவந்த அத்தை, "அந்தப் பயல இழுக்காதன்னு கம்பியப் புடிச்சிக்கிட்டு அழுறாரு. நான் இழுப்பேன் தம்பி. மகளுக்குப் புருசன்னா எனக்கு மட்டும் யாரு?" என்றார்.

நேற்று ரஜீவ் போனில் நளீராவின் ஆபிஸ் எங்கே என்று கேட்டான். பிறகு, "நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுல போறேன் மச்சான்" என்றான்.

இன்று பதினான்காவது நாள். இங்கே வேலைத்தளத்தில் பகல் சாப்பாட்டு நேரம். அங்கே மூன்று மணி. ரஜீவ் இன்னும் வரவில்லை என்று நளீரா செய்தி போட்டிருக்கிறார். ஆபிஸ் நாலு மணிக்கு மூடிவிடும்.

ரஜீவின் போனுக்கு ரிங் போகிறது. ஏழாவது தடவை.