அத்தை கேட்ட திதி

அத்தை என்று நான் சொல்வது என் மனைவியின் அம்மாவை. அக்கரையில் போர் முடிந்த மறு வருஷம், மகளைக் கூட்டிக்கொண்டு கோடியக்கரையில் படகிலிருந்து இறங்கியவர். மகளை நான் கட்டிக்கொண்ட பிறகு, திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இன்றுவரை நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி.

மாமனாரை நான் பார்த்ததில்லை. அங்கே சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், வேலை பார்த்தவர். சண்டை ஓய்ந்த அன்று, சந்தேகத்துக்குரியவர்கள் தாங்களாகவே வந்து சரணடைய வேண்டும் என்று ராணுவம் ஒலிபெருக்கியில் கூப்பிட்டிருக்கிறது. ஒளிந்தால்தான் ஆபத்து என்று நினைத்து, அத்தையே அவரை அழைத்துக்கொண்டு போனார். சரணடைந்தவர்களை ஏற்ற நின்ற பேருந்துக்குப் பக்கத்தில் தளபதி நின்றிருந்தார். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம், பயப்படாதீர்கள் என்று மொழிபெயர்ப்பாளன் மூலம் சொன்னார். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பேருந்து போய்விட்டது. அவ்வளவுதான்.

அந்தத் தளபதியை எனக்கு நன்றாகத் தெரியும், டிவியில். முதலில் மார்பில் பதக்கம் குத்தினார்கள். அப்புறம் பதவி உயர்வு, அதற்கப்புறம் தூதராக ஒரு வெளிநாடு. எங்கள் ஊரில் ஒரு வி.ஏ.ஓ. தப்பு செய்தாலே தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவார்கள்; இந்த மகராசனுக்கு மாலை விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு வாயில் நல்ல வார்த்தையே வராது. ரிமோட்டைத் தேடுவேன். அத்தைதான் தடுப்பார். "அணைக்காதேங்கோ தம்பி. அந்த முகம் எனக்கு மறக்கக்கூடாது."

அந்த ஆள் ஓய்வு பெற்று, தூதராக இருந்த நாட்டிலேயே வீடு வாங்கிக் குடியேறினார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். பேருந்தில் ஏற்றப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்து அந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. சரணடைந்தவர்கள் உயிரோடு தன் கைக்கு வரவேயில்லை, எல்லோரும் அதற்கு முன்பே குண்டு வீச்சில் செத்துப்போனவர்கள் என்பது அவர் தரப்பு. கண்ணால் பார்த்த சாட்சிகளில் உயிரோடிருக்கிறவர்கள் கொஞ்சம் பேர். அதில் எங்கள் அத்தை ஒருவர்.

இதற்கு நடுவே எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்திருந்தது. என் மனைவிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. என் அம்மா ஜோசியரிடம் ஓடினார். பித்ரு தோஷம், போனவருக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். நான் குதித்தேன். "போனவருன்னு யாரும்மா சொன்னா? நீ பாத்தியா?"

"உம் பொண்டாட்டி வயிறு நிறையணுமா வேணாமா, அதச் சொல்லுடா மொதல்ல," என்றார் அம்மா.

மனைவி அழுதுகொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தைதான் முடித்துவைத்தார். "என்ர பிள்ளைக்கு நல்லதெண்டால் செய்யுங்கோ. ஆனா தாலியைக் கழட்டச் சொல்லாதேங்கோ."

ஆடி அமாவாசை. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காவிரியில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர். மகன் இல்லாததால் மருமகன் நான் உட்கார்ந்தேன். ஐயர் பெயரைக் கேட்டார், கோத்திரம் கேட்டார், காலமான திதி கேட்டார். பின்னால் நின்ற அத்தை, "தெரியாது ஐயா," என்றார். "பரவாயில்லைம்மா. திதி தெரியாதவாளுக்கு அமாவாசைதான்," என்று ஐயர் தர்ப்பையை என் விரலில் மாட்டினார். அத்தை தாலியைப் புடவைக்குள் பிடித்தபடியே நின்றார். என் தம்பி சும்மா இருக்கமாட்டாமல் அதைப் படம் பிடித்து, 'இறைவனடி சேர்ந்த' என்று எழுதி ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான்.

மறு வருஷம் பெண் குழந்தை பிறந்தது. ஜோசியராலா, தஞ்சாவூர் டாக்டரம்மாவாலா என்று வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

சாட்சி சொல்ல அத்தை விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். சுவரில் பெரிய திரை. அதில் நீதிபதி, வக்கீல்கள், ஓரமாகத் தளபதி. முடி நரைத்திருந்தது, கோட்டும் டையும். காதில் மொழிபெயர்ப்புக் கருவி. அத்தை பேருந்தைச் சொன்னார், ஜன்னலோர இருக்கையைச் சொன்னார், தளபதி சொன்ன வார்த்தையைச் சொன்னார். குரல் பிசகவே இல்லை. நான் மூலையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தளபதியின் வக்கீல் எழுந்து ஒரு படத்தைக் காட்டினார். அடப்பாவி! தம்பி போட்ட படம். சட்டையில்லாமல் நான், என் கையில் பிண்டம், பின்னால் அத்தை.

"இது செத்தவர்களுக்குச் செய்யும் சடங்குதானே?" மொழிபெயர்ப்பு ஸ்பீக்கரில் வந்தது.

"ஓம்."

"உங்கள் கணவருக்கா?"

"ஓம்."

"அப்படியானால் அவர் செத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சண்டையில் செத்தவரை, பேருந்தில் ஏற்றியதாக இங்கே கதை சொல்கிறீர்கள்."

ஒரு பிடி எள்ளால் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோமே என்று தோன்றியது. எழுந்து கத்தப் போனேன். எங்கள் வக்கீல் தோளை அழுத்தி உட்காரவைத்தார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வக்கீலைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தைப் பார்த்தார்.

"அது அமாவாசையில குடுத்தது ஐயா. செத்த நாள் தெரிஞ்சால் அந்தத் திதியிலதான் குடுக்கவேணும். தெரியாத சனத்துக்குத்தான் அமாவாசை. எனக்கு நாள் தெரியாது. உயிரோட ஏத்தி விட்டனான், அதுதான் தெரியும். நாள் தெரிஞ்சவர் உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறார். அவரைச் சொல்லச் சொல்லுங்கோ. நான் அந்தத் திதியில குடுக்கிறன், தாலியையும் அண்டைக்கே கழட்டுறன்."

மொழிபெயர்ப்பு போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. தளபதி காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். நீதிபதி அவரிடம் ஏதோ கேட்டார். அவருடைய வக்கீல் எழுந்து, என் கட்சிக்காரர் இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை என்றார். திரும்பி வரும் வழியில் காரில் நான் அழுதேன். அத்தை அழவில்லை, பேத்திக்கு வாழைப்பழம் வாங்க வேண்டும் என்று கண்டியூரில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. இந்த ஆடி அமாவாசைக்கும் படித்துறைக்குப் போனோம். அதே ஐயர், வழக்கம்போல என்னிடம் திதி கேட்டார். எனக்கு முன்னால் அத்தை பதில் சொன்னார்.

"கேட்டிருக்கிறம் ஐயா. அவர் இன்னும் சொல்லேல்லை."