தலைக்குத் தொள்ளாயிரம்

சங்கரன்கோவிலுக்கும் கரிவலம்வந்தநல்லூருக்கும் நடுவே ஓடும் மினி பஸ்ஸின் கண்டக்டர் பேச்சிராஜாவுக்கு ஒரு மகத்தான உண்மை தெரிந்திருந்தது. பஸ்ஸில் நாலு பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் டீசல் ஒன்றுதான். ஆகவே ஆள் ஏற ஏறத் தலைக்குச் செலவு குறையும். ஞானிகள் காட்டுக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்து அடைகிற தெளிவை அவர் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கியபடியே அடைந்திருந்தார். தான் பெற்ற தெளிவை ஊருக்கும் வாரி வழங்கினார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல பந்து விளையாடலாம் போல எடம் கெடக்கு, எல்லாரும் வாசல்லயே நின்னா எப்படி?"

இருபது வருடமாக இந்தக் குரலைக் கேட்டுப் பழகிய கரிவலத்து ஜனங்கள், அது காதில் விழுந்ததும் யோசிக்காமல் உள்ளே நகர்ந்துவிடுவார்கள். குரலுக்குப் பாதி மரியாதை என்றால், அதற்கு மேலே காவலுக்கு நின்ற மீசைக்கு மீதிப் பாதி. அது சாதாரண மீசை அல்ல. இரண்டு முனையும் கன்னத்தைத் தாண்டிக் காதைப் பார்த்துக் கிளம்பி, போகிற வழியில் மனசு மாறி மேலே திரும்பியிருக்கும். சில்லறை இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர்கள்கூட அதைப் பார்த்ததும் பையைத் துழாவத் தொடங்குவார்கள்.

அந்த மீசைக்கு ஆபத்து வந்தது மகள் பொன்மணியின் கல்யாணத்தால்.

மாப்பிள்ளை அருண்குமார், சிவகிரிக்காரன். நல்ல இடம். நிச்சயதார்த்தத்துக்குப் புளியங்குடியிலிருந்து வந்திருந்தார் மூக்காண்டி, பேச்சிராஜாவின் மனைவி முத்துமாரிக்கு அண்ணன், எலுமிச்சை கமிஷன் வியாபாரி. வியாபாரத்தின் புளிப்பு அவர் பேச்சிலும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எம் மக கல்யாணத்த எப்படி முடிச்சேன் தெரியுமா மாப்ள? நகை, பட்டு நீங்கலா தலைக்குத் தொள்ளாயிரம் ரூவா. ஒத்தப் பைசா கூடல. ஒமக்கு அந்தக் கட்டு செட்டு வராதுவே."

"எனக்கா? நான் தொள்ளாயிரத்துக்குள்ள முடிச்சுக் காட்டுதேன் மச்சான்."

"முடியலன்னா?"

அந்த நேரத்தில் பேச்சிராஜா வாயில் கேசரி இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. வாய் காலியாக இருந்தது. "மீசைய எடுத்திருதேன்" என்றார்.

பந்தயத்துக்கு உடனே சட்டதிட்டங்கள் வகுக்கப்பட்டன. நகையும் துணியும் சேராது. விழுந்த இலைதான் தலை. சாப்பிட்டவர் எந்த ஊர், என்ன உறவு என்று விசாரணை கிடையாது. வீட்டு ஆட்களும் வேலை செய்ய வந்தவர்களும் கணக்கில் இல்லை. கண்டக்டரும் டிரைவரும் டிக்கெட் எடுப்பதில்லை அல்லவா?

அன்று சாயங்காலமே பேச்சிராஜா கணக்கில் இறங்கினார். மண்டபம், மேடை, மேளம், போட்டோ, பத்திரிகை, கார் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம். சாப்பாடு இலைக்கு இருநூறு. வேண்டியவர்களை மட்டும் அழைத்தால் முந்நூறு பேர். வகுத்தால் தலைக்கு ஆயிரத்து இருநூறு. மீசை ஒருமுறை நடுங்கியது.

அப்போதுதான் படிக்கட்டு ஞானம் கை கொடுத்தது. முந்நூறை அறுநூறாக்கிப் பார்த்தார். தலைக்கு எழுநூறு! ஆயிரமாக்கினார். ஐந்நூறு! பேச்சிராஜாவுக்குத் தலை கிறுகிறுத்தது. இன்னும் பத்தாயிரம் பேரைக் கூப்பிட்டால் கல்யாணம் கிட்டத்தட்ட இனாமாகவே நடந்துவிடும் என்று தோன்றியது.

"ஏட்டி, இங்க பாரு. ஆளு கூடக் கூடச் செலவு கொறையுது!"

முத்துமாரி எட்டிப் பார்த்தாள். "மொத்தச் செலவு மூணு அறுவதுல இருந்து அஞ்சு லச்சம் ஆயிருக்கே?"

"மொத்தத்த ஏன் பாக்க? தலைக்கு எவ்வளவுன்னு பாரு."

"கடன்காரன் தலைக்கா வந்து கேப்பான், மொத்தமாத்தான கேப்பான். பஸ்ஸுல ஏறுதவன் டிக்கெட் எடுப்பான். கல்யாணத்துக்கு வாரவன் சோறுல்லா கேப்பான்? என்ன கணக்குப் போடுதிய நீங்க?"

இது நுட்பமான கேள்வி. நுட்பமான கேள்விகளுக்கு வீட்டில் பதில் சொல்லும் வழக்கம் பேச்சிராஜாவுக்கு இல்லை.

அறுநூறு பேருக்குச் சமையல் என்று முடிவாயிற்று. ஆக மொத்தம் நாலு லட்சத்து இருபதாயிரம். சமையல்காரர் எபினேசர் முன்பணம் வாங்கும்போது, "அவ்வளவு சொந்தமா அண்ணாச்சி ஒங்களுக்கு?" என்று வியந்தார். சொந்தம் இல்லாவிட்டால் என்ன, உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதானே. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பூச்சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர், தறிச் சாமான் வாங்க வந்து வழி கேட்டவர், எல்லோருக்கும் பத்திரிகை கிடைத்தது. "குடும்பத்தோட வந்திரணும்" என்று எல்லோரும் சொல்கிற வார்த்தையை அவர் மட்டும் நிஜமாகவே சொன்னார். "வீட்ல எத்தன பேரு? அஞ்சா? பக்கத்து வீட்டையும் கூட்டிட்டு வாங்க."

கரிவலத்து ஆட்கள் மட்டும் நழுவினார்கள். அதே முகூர்த்தத்தில் அவர்கள் ஊர் ராமசுப்பு மகளுக்கும் கல்யாணம். அதுவும் சங்கரன்கோவிலில் அதே தெருவில், எதிர் மண்டபத்தில். ராமசுப்பு, பஸ்ஸில் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற அமைதியான விவசாயி. "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய, நம்ம வீட்லயும் அன்னைக்குத்தான்" என்று அவரே தயங்கித் தயங்கிப் பத்திரிகை நீட்டினார். பேச்சிராஜா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

கல்யாண நாள் வந்தது. ஊரில் அன்று பெரிய முகூர்த்தம். எந்தத் தெருவில் நின்றாலும் மூன்று மேளம் ஒரே சமயத்தில் காதில் விழுந்தது. பொன்மணி கழுத்தில் தாலி ஏறியது. பேச்சிராஜா அட்சதையைப் போட்டார், கண்ணைத் துடைத்தார், நேராகப் பந்திக் கட்டுக்கு ஓடினார்.

"எபினேசரு, எத்தன இலை?"

"மொத பந்தி நூத்தி எம்பது அண்ணாச்சி."

இரண்டாம் பந்தி முடிந்தபோது இருநூற்று எண்பது. அதோடு கூட்டம் வடியத் தொடங்கியது. குடும்பத்தோடு வரச் சொன்னவர்கள் எல்லாம் குடும்பத்துக்கு ஒருவர் வீதம் வந்து, மொய் எழுதி, சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்கள். மூக்காண்டி தூணில் சாய்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மாப்ள, மீசைக்கு எண்ணெய் கிண்ணெய் தடவி வழியனுப்பிரும்" என்றார்.

பேச்சிராஜா மூச்சு வாங்க வாசலுக்கு வந்தார். அப்போது தெருமுனையில், அவர் தினமும் தொங்குகிற மினி பஸ், பதிலாள் கண்டக்டரின் விசிலுக்கு நின்றது. கரிவலத்து ஜனம் பட்டும் பூவுமாக இறங்கியது. பின்னாலேயே வாடகை வேன்களும் டிராக்டர்களுமாக ஒரு நீண்ட வரிசை. எல்லோரும் தெரு நடுவே நின்று எந்த மண்டபம் என்று அண்ணாந்து பார்த்தார்கள்.

பேச்சிராஜா எதுவும் திட்டமிடவில்லை. இதைச் சரித்திரம் குறித்துக்கொள்ள வேண்டும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்ல நிக்காதிய. நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு!"

இருபது வருடப் பழக்கம். ஒரு தலை திரும்பிக் கேட்கவில்லை. அத்தனை பேரும் கைப்பிடிக் கம்பியைத் தேடாத குறையாக வரிசையாக உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் சாம்பாரைப் பிசைந்துகொண்டே மேடையைப் பார்த்து, "ராமசுப்பு மக இம்புட்டு வளந்துட்டாளா?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "பூசிவிட்டா அப்படித்தான் தெரியும், அப்பளத்த நொறுக்கும்" என்றார்.

மூன்றாம் பந்தி முடிந்தது. நானூற்று அறுபது இலை. அடுத்த பந்திக்கு இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். பேச்சிராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தனக் கிண்ணத்தை எடுத்து எதிர்ப்பட்டவர் நெற்றியில் எல்லாம் பூசினார். மூக்காண்டி மூக்கிலும் ஒரு கோடு இழுத்தார். "இன்னும் ஒரு பந்தி மச்சான்! தலைக்கு அறுநூத்தி சொச்சத்துக்கு வந்து நிக்கும்!"

அந்த உச்சத்தில் யாரோ தோளைத் தொட்டார்கள். ராமசுப்பு. பட்டு வேட்டி, சந்தனம், மாலை எல்லாம் இருந்தது. முகம் மட்டும் கல்யாண முகமாக இல்லை.

"அண்ணாச்சி, எங்க ஊரு ஆளுக இங்கன ஏதும் வந்தாங்களா?"

பேச்சிராஜா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எங்க பந்தியில ஒம்போது இலைதான் விழுந்திருக்கு. சம்பந்தி வீட்ல, பொண்ணு வீட்டுக்கு மதிக்க ஆளு இல்லையான்னு கேக்காக. எம் மக மேடையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா." ராமசுப்பு துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

பேச்சிராஜா வரிசையைத் திரும்பிப் பார்த்தார். இருநூறு தலை. சட்டப்படி எல்லாம் அவருடையது. யார் என்று விசாரணை கிடையாது. எபினேசரின் அண்டாவில் சோறும் இருந்தது. ஒரே ஒரு வரிசை உட்கார்ந்து எழுந்தால் போதும், மீசை சாகும்வரை அவரோடுதான். விரல் தானாக முனையை முறுக்கியது. பிறகு மேடையில் இருந்த பொன்மணியைப் பார்த்தார். அவளைச் சுற்றித் தோழிகள் செல்ஃபி எடுக்க முண்டிக்கொண்டிருந்தார்கள்.

பட்டுச் சட்டைப் பையிலும் விசில் வைத்திருக்கிற மனிதர் அவர். எடுத்து ஊதினார். சமையற்கட்டில் கரண்டிச் சத்தம்கூட நின்றது.

"கரிவலம் ஆளுக எல்லாரும் எறங்குங்க! வண்டி மாறி ஏறிட்டிய. எதுத்த மண்டபம், எதுத்த மண்டபம்! பெரியவங்க முன்னால, புள்ளைகளக் கையில பிடிச்சுக்கிடுங்க. ஏ அக்கா, அந்த இலைய வச்சுட்டுப் போ, அங்கயும் இலை போடுவாவ!"

பாதி வழியில் பஞ்சரான பஸ்ஸிலிருந்து பின்னால் வருகிற பஸ்ஸுக்கு மாறுவதும் அவர்களுக்குப் பழக்கம்தான். முணுமுணுக்காமல் தெருவைக் கடந்தார்கள். மூன்றாம் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். மரியாதைக்கு அங்கேயும் ஒரு பாயசமாவது குடிக்க வேண்டுமே. பேச்சிராஜா எதிர் மண்டப வாசலில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். கடைசி ஆள் ஏறியதும் இரட்டை விசில் கொடுத்தார். ராமசுப்புவின் கல்யாணம் கிளம்பிவிட்டது.

திரும்பி வந்தபோது மூக்காண்டி கைபேசியில் வகுத்து வைத்திருந்தார். "நாலு லச்சத்து இருவதாயிரம் பை நானூத்தி அறுவது. தொள்ளாயிரத்துப் பதிமூணு ரூவா நாலு பைசா." குரலில் வழக்கமான புளிப்பு இல்லை. "ஏழே ஏழு இலை மாப்ள. அந்த வரிசையில ஏழு பேர நிப்பாட்டியிருந்தா நீரு ஜெயிச்சிருப்பீரு."

எபினேசர் நெருங்கி வந்து காதில் சொன்னார். "அண்ணாச்சி, ஏழு இலைய விரிச்சு, சோத்த வச்சு எடுத்திருதேன். யாரு பாக்கா?"

பேச்சிராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளில்லாத சீட்டுக்கு நான் இதுவரைக்கும் டிக்கெட் கிழிச்சதில்லவே."

மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சலூனில் மீசை இறங்கியது. மூக்காண்டி, "வேண்டாம்வே, நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்று நாற்காலி வரை வந்து கெஞ்சினார். பேச்சிராஜா கேட்கவில்லை. சவரம் செய்தவர் ஒரு முனையை எடுத்துவிட்டு மறுமுனைக்குப் போகுமுன் தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் சிவகிரிக்கு மறுவீடு போனபோது சம்பந்தியம்மாள் எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைத்துவிட்டு, பேச்சிராஜாவிடமே கேட்டாள்: "பொண்ணோட அப்பா பின்னால வாராகளா?" அங்கே எடுத்த போட்டோக்களில் அவர் இரவல் வாங்கின முகத்தோடு நின்றார்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. முன்பாதியில் மீசையோடு ஒரு பெரிய மனிதர் அட்சதை போடுகிறார். பின்பாதியில் மழமழவென்று வேறொருவர் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார். பார்த்த எவரும் இருவரும் ஒருவர்தான் என்று நம்பவில்லை.

முத்துமாரி பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"இங்கேருங்க, ஆல்பத்துல ஒரு தலை கூடியிருக்குல்லா. அதையும் சேத்து வகுத்துப் பாருங்களேன்."

பேச்சிராஜா முறைத்தார். முறைப்பதற்கு வேண்டிய முக்கியமான உறுப்பு இப்போதுதான் மேலுதட்டில் கறுப்பாக அரும்பிக்கொண்டிருந்ததால் அது எடுபடவில்லை. அவள் அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு மெல்லக் கைபேசியை எடுத்து, நானூற்று அறுபத்தொன்று என்று அடித்தார்.