ஜாக்கை வைத்தது யார்

மலாயா சுதந்திரம் பெறும் மெர்டேகாவுக்குச் சில மாதங்களே இருந்தன. மலாக்காவின் காஜா பெராங்கில் நான் வேலை செய்த பட்டறையிலிருந்து சர்வீஸ் முடிந்து போன கார் ஒன்று மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தது. எஞ்சினுக்கு அடியில் டொக் டொக்கென்று சத்தம். பசியாறிக்கொண்டிருந்த நாங்கள் அப்படியே எழுந்து போனோம்.

காருக்குச் சொந்தக்காரர் ஓர் எஸ்டேட்டின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அந்த எஸ்டேட் லாரிகளெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களிடம் வந்துகொண்டிருந்தன.

"நேத்து உங்ககிட்ட விட்டப்ப இந்தச் சத்தம் இல்ல. சரி பண்ணிக் கொடுத்தீங்களா, கெடுத்துக் கொடுத்தீங்களா?" என்று முதலாளியைக் கேட்டார்.

எஞ்சின் வேலை பார்த்தவர் கேசவன். காஜா பெராங்கின் பழைய செட்டிக் குடும்பம். அவர்கள் கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய். என்னைவிட மூத்தவர் என்பதால் அபாங் என்று கூப்பிடுவேன். ஆறு வருடமாக ஒரே டூல் பெட்டியை வைத்து இருவரும் வேலை செய்தோம்.

எஞ்சினுக்குள் பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் போய்விட்டது என்றார் முதலாளி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். பேரிங் போயிருந்தால் அந்தச் சிலிண்டரின் வயரைப் பிடுங்கியதும் சத்தம் குறையும். இது குறையவில்லை. நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். எண்ணெய் நிற்கும் சம்ப்பைத் தொட்டபோது காதுக்குள் சுத்தியால் அடித்தது போலிருந்தது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சம்ப் உள்பக்கமாக நசுங்கியிருந்தது. எண்ணெயை வடித்துக் கழற்றியதும், பிக் எண்ட் போல்ட் சுற்றும்போது தட்டித் தட்டிப் பளபளவென்று ஆன கோடு உள்ளே தெரிந்தது. ஜாக்கைச் சம்ப்பில் கொடுத்துத் தூக்கியிருக்கிறார்கள்.

யார் தூக்கியது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் மத்தியானம் வேலையை முடித்த கேசவன் வேறொரு காருக்குக் கேஸ்கெட் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். காரை எடுக்க வந்த கிராணி, சைலன்சர் ஆடுகிறது என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் உட்கார்ந்தார். அவரைக் காக்கவைக்கக் கூடாதென்று முதலாளியே ஜாக்கை இழுத்து வந்தார். மரக்கட்டை வைக்காமல், சம்ப்பிலேயே கொடுத்துத் தூக்கினார். பக்கத்துக் காரில் வேலையாக இருந்த நான் பார்த்தேன். முதலாளிக்கே போய் வேலை சொல்லிக்கொடுப்பதா என்று வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவன். அந்த வாரம் பிரஜா உரிமைக்கு மனுப் போடவிருந்தேன். இத்தனை வருடம் இங்கேதான் இருந்தேன் என்பதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும். அது டைப் அடித்து அவர் மேசையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

முதலாளி சம்ப்பைப் பார்த்தார். பிறகு கிராணி காதில் விழும்படி என்னிடம் கேட்டார்.

"கேசவன் பார்த்த வேலைதானே இது?"

"எஞ்சின் வேலை அவருதாங்க பார்த்தாரு," என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

கேசவன், "ஜாக் பூக்கான் சாயா," என்றார். ஜாக் வைத்தது நானில்லை என்று மலாயில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சம்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றே முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் நசுங்கலைத் தட்டி எடுத்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன். சத்தம் போய்விட்டது. கிராணி என் கையைக் குலுக்கினார். சாயங்காலம் கடிதம் கைக்கு வந்தது.

எத்தனையோ தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் குடும்பத்துக்காரர் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனார். கப்பலில் வந்த நான் இந்த நாட்டுப் பிரஜையானேன்.

கெட்ட பேர் பரவிவிட்டதால் வேறு பட்டறை எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. பிறகு உஜோங் பாசிரில் ஒருவரிடம் லாரி ஓட்டினார். மூன்று வருடம் கழித்து, எங்கள் பட்டறை முதலாளி இறந்த பின்தான், கேசவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்தது. அதுவும் ஒரு துணிச்சலா? உட்காரச் சொன்னார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். நடந்ததைச் சொல்லி முடித்தேன். கேசவன் மலாயில் சொன்ன பதிலைத் தமிழில் எழுதுகிறேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். நான் டவுனுக்குப் போனப்ப பட்டறையில முதலாளியும் நீயும்தான் இருந்தீங்க. மூணு நாள் நான் வெளிய எங்கயும் போகல. நீ வந்து சொல்லுவேன்னு வீட்டிலயே இருந்தேன்."

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜாக்கைச் சம்ப்பில் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள். வேறொருவர் கொடுத்ததைப் பார்த்திருந்தால் அதையும் அன்றைக்கே, அந்த ஆள் எதிரில் நிற்கும்போதே சொல்லுங்கள். பிறகு போய்ச் சொன்னால் காப்பி கொடுப்பார்கள். அவ்வளவுதான்.